மூன்றாம் ஓலை

பழியுணர்ச்சி ஒரு விருந்தாளியைப் போல வருவதில்லை. வீட்டு மனுஷியைப் போல விடியற்காலையிலேயே எழுந்து, அடுப்படியில் நமக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறது. ஃபெமினா அன்று கண் விழித்தபோது அது அவளுக்காகக் காத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் ஓலை வாசிக்கப்படும் நாள்.

சூசையப்பர்பட்டிக்கு இந்த வாரந்தான் முதன்முதலாக வருகிறவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுவது முறை.

ஆவூர் மிஷனின் பழைய கிளைக்கோயில் ஒன்றைச் சுற்றி எழுந்த ஊர் அது. ஃபெமினா குளத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. அவளைப்போலவே சூசையப்பர்பட்டிக்காரனான டேவிட், விராலிமலைப் பக்கம் ஓர் ஆலையில் வேலை பார்ப்பவன். ஞாயிறுதோறும் கோயிலில் வாசகம் வாசிப்பவன். இவ்விருவரையும் ஒன்று சேர்த்தது 'காவல் எழுவர்' என்னும் படவரிசை. உலகைக் காக்கும் ஏழு மாவீரர்களைப் பற்றிய அந்த அயல்நாட்டுப் படங்கள் தமிழ்க்குரல் தாங்கி வந்தவை. அவ்வெழுவருள் கனலோன் தீயை ஆள்பவன். ஆழியன் கடலை ஆள்பவன். படத்தில் அவர்கள் தீராப் பகைவர்.

படம் சொல்லாமல் விட்ட கதையை ஃபெமினாவும் டேவிட்டும் கைப்பேசிச் செயலி ஒன்றில் எழுதத் தொடங்கினார்கள். பகைவர் இருவர் மெல்ல மெல்ல ஒருவர்மேல் ஒருவர் காதல் கொள்ளும் கதை அது. ஒரு வாரம் அவள் கனலோனாக இருந்து எழுதுவாள். மறுவாரம் அவன் ஆழியனாக மறுமொழி எழுதுவான். அடுத்து என்ன எழுதப்போகிறோம் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை என்பது இருவரும் வகுத்துக்கொண்ட விதி. புனைபெயர் மட்டும் இருவருக்கும் ஒன்றே. வீரர் இருவரின் காதலை இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த வேளையில், எழுதியவர்களின் நெஞ்சிலும் அது வேர் பிடித்தது. பெரியவர்கள் பேசி நிச்சயமும் செய்தார்கள்.

அப்போதுதான் ஃபெமினாவின் அண்ணன் மனைவி ரீட்டா, அந்தக் கதையின் சில பக்கங்களை அச்செடுத்து, டேவிட்டின் தாய் செபமாலையம்மாளின் மடியில் கொண்டுபோய் வைத்தாள். செயலியில் பதிவாகியிருந்தது ஃபெமினாவின் தொலைபேசி எண். ஊர் அவளைத்தான் ஏசிற்று. தாய் மகனைக் கேட்டாள். டேவிட் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றான்.

அந்தச் சொற்கள் போதுமானவையாக இருந்தன. நிச்சயம் முறிந்தது. பள்ளி நிர்வாகத்தார், பேச்சு அடங்கும்வரை விடுப்பில் இருக்குமாறு ஃபெமினாவிடம் சொல்லிவிட்டார்கள். ஈரம் காய்வதற்குள், ரீட்டாவின் சொந்தத் தங்கை ஜோஸ்பினுக்கே டேவிட் மாப்பிள்ளையாகப் பேசி முடிக்கப்பட்டான்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் மணமக்களின் பெயரை மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பெயர். தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். இதுவரை எவரும் சொன்னதில்லை. இன்று மூன்றாம் ஓலையும் வாசிக்கப்பட்டுவிட்டால், புதன்கிழமை மாலை மாற்றல். அதன்பின் டேவிட் வேறொருத்தியின் கணவன்; அவன் சொன்ன பொய் என்றைக்கும் மெய்.

அவன் தனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டுமென்று ஃபெமினா கேட்கவில்லை. அவன் வாயால், ஊரறிய, "நானும் எழுதினேன்" என்று ஒரு சொல் வேண்டும். அதை வாங்காமல் இந்த ஞாயிறு சாயக்கூடாது என்று அவள் வஞ்சினம் கூறியிருந்தாள்.

* * *

"ஏன் ஃபெமினா, இன்னைக்கும் தலைவலிதானா?"

கண்ணாடியின் முன் நின்று பூவைக் கொண்டையில் செருகியவாறே ரீட்டா கேட்டாள். கேள்வியில் அக்கறையின் சாயல் இருந்தது. சாயல் மட்டுமே இருந்தது.

"இல்ல மதினி. இன்னைக்கு வாரேன்."

கொண்டையூசி பாதி வழியில் நின்றது. "எங்கிட்டு?"

"கோயிலுக்குத்தான். மூணாவது ஓலையாச்சே. ஒங்க தங்கச்சி பேரைக் காது குளிரக் கேக்க வேணாமா?"

"கேளு, நல்லாக் கேளு." ரீட்டா ஊசியை அழுத்திச் செருகினாள். "எங்க ஜோஸ்பின் கதையெல்லாம் எழுத மாட்டா. ஆம்பளையும் ஆம்பளையும் கொஞ்சிக்கிறதை எழுதி ஊருக்குப் படிக்கக் குடுக்க மாட்டா. அவளுக்குச் சோறு வடிக்கத் தெரியும், செபம் சொல்லத் தெரியும். போதுமே, ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு."

"நீங்க முழுசும் படிச்சீங்களா மதினி?"

"ச்சீ! நான் எதுக்குப் படிக்கிறேன் அந்தக் கருமத்தை?"

"படிக்காமலா அவுங்க கையைப் புடிக்கிற பக்கம் எங்க இருக்குன்னு சரியாத் தேடி எடுத்தீங்க? அதுக்கு முன்னாடி அம்பத்தஞ்சு பகுதி ரெண்டு பேரும் வெறும் சண்டைதான் போட்டாங்க. ராத்திரி ராத்திரியா ஒக்காந்து படிச்சாத்தான் அங்கிட்டுப் போயிச் சேர முடியும்."

ரீட்டாவின் முகம் சிவந்தது. சமையற்கட்டிலிருந்து தாய் அருளம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கத்தா. பூசை நாளும் அதுவுமா, வெடிஞ்சதும் ஆரம்பிச்சாச்சு."

"நான் ஒண்ணும் ஆரம்பிக்கல அத்தை. ஒங்க மவளைக் கேளுங்க." ரீட்டா கைப்பையை எடுத்துக்கொண்டாள். "ஜோஸ்பின் தனியா நிப்பா. நான் முன்னாடி போறேன். ஒங்க மகனை வண்டி எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க."

வாசற்படி தாண்டும்போது அவள் கொலுசு வழக்கத்தைவிட உரக்க ஒலித்தது.

அருளம்மாள் மகளின் அருகே வந்து உட்கார்ந்தாள். அவள் சினந்திருந்தால் ஃபெமினாவுக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் கெஞ்சினாள்.

"நீ வர வேணாம் ஆத்தா. அவனுக்குக் கலியாணம் ஆகிப் போகட்டும். நீ அதை எழுதலன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிரு. யாரோ என் நம்பர்ல எழுதிட்டாங்கன்னு சொல்லிரு. மணப்பாறைப் பக்கம் நல்ல எடம் ஒண்ணு இருக்கு. நான் முடிச்சுருவேன்."

"எழுதினதை எழுதலன்னு எப்புடிம்மா சொல்றது?"

"சொன்னா நாக்கா அழுகிப் போயிரும்? அவன் சொல்லலியா?"

"அதுக்குத்தாம்மா போறேன்."

தாய்க்கு அது விளங்கவில்லை. விளங்காமலே அவள் மகளின் முந்தானையைத் தலைமேல் இழுத்து முக்காடிட்டு, நெற்றியில் சிலுவை வரைந்தாள்.

* * *

அண்ணன் அலெக்ஸின் வண்டி பால் சொசைட்டிக் கட்டடத்தின் பின்புறம் நின்றது. நிறுத்தச் சொன்னவள் ஃபெமினா. முதல் மணி அடித்தாயிற்று, இன்னும் நேரமிருந்தது.

அலெக்ஸ் நல்லவன். நல்லவர்கள் பலரைப்போல அவனும், மனைவியின் முன் தங்கைக்காகப் பேசமாட்டான். தங்கையின் முன் மனைவிக்காகப் பேசமாட்டான். ஆனால் டேவிட்மேல் அவனுக்கு ஆத்திரம் இருந்தது. ரீட்டாவின் காதில் விழாத இடத்தில் அவன் மனம்விட்டு ஆத்திரப்படக்கூடிய ஒரே ஆள் டேவிட்தான்.

"என்னமோ வச்சிருக்க மனசுல," என்றான். "சொல்லிரு. கோயிலுக்குள்ள நான் மூஞ்சியை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியணும்ல."

ஃபெமினா கைப்பேசியை எடுத்தாள். "ஒரு ஒலிப்பதிவு இருக்குண்ணே. கதையைப் படிக்க முடியாதவங்க கேக்கட்டுமேன்னு, போன கிறிஸ்துமஸ்ல சோதனைக்குப் பண்ணினோம். ஆழியன் கொரலுக்கு அவருதான் பேசினாரு. அப்புறம் வெக்கப்பட்டுக்கிட்டு வெளியிட வேணாம்னுட்டாரு."

"அவன் கொரலா?"

"அவரு கொரல்தான். வாராவாரம் மைக்குல கேக்குறமே, அதே கொரல். இதை நம்ம கோயில் வாட்ஸப் குரூப்புல போட்டா, யாரு எழுதினாங்கன்னு நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்ல."

அலெக்ஸின் கண்கள் ஒளிர்ந்தன. "போடு, கேப்போம்."

அவள் விசையைத் தொட்டாள். டேவிட்டின் குரல் எழுந்தது: நிதானமான, சொற்களை ஒவ்வொன்றாக நீரில் கழுவி எடுத்து வைப்பது போன்ற குரல். ஆழியன் கனலோனிடம் முதன்முதலாக மனம் திறக்கும் இடம் அது.

'நெருப்பே, நீ என்னைத் தொட்டால் நான் ஆவியாகிப் போவேன் என்று உலகம் அஞ்சுகிறது. போனால் என்ன? ஆவியாகி, மேகமாகி, நீ நடக்கும் இடமெல்லாம் உன் தலைக்குமேல் நிழலாக வருவேன். நான் இழப்பது என் உருவத்தை மட்டுந்தான்.'

அலெக்ஸ் முதலில் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு முடியாமல், வண்டியின் இருக்கையில் கையூன்றிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"ஏத்தா... ஆம்பளப் பய, ஆம்பளகிட்டப் போயி... மேகமாம்ல மேகம்! யப்பா! அனுப்பு, இப்பவே அனுப்பு. பூசைக்கு முன்னாடி ஊரே சிரிச்சு நாறட்டும். மானம் போகட்டும் அந்தப் பயலுக்கு."

ஃபெமினாவின் விரல் திரையின்மேல் அசையாது நின்றது.

"எதுக்குண்ணே சிரிக்கிற?"

"பின்ன? சிரிக்காம?"

"கோயில்ல நீங்க ஆம்பளைங்க எல்லாரும் நின்னுக்கிட்டு, அன்பரே நேசரேன்னு கண்ணீர் விட்டுப் பாடுறீங்களே. அதுக்கு யாரும் சிரிச்சுப் பாத்ததில்லியே."

"அது சாமிக்கும்மா. அதும் இதும் ஒண்ணா?"

தமிழாசிரியை அவள். ஆடவர் தம்மைக் காதலியாகப் பாவித்து இறைவனை எண்ணி உருகிய பாடல்களை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறவள். அந்த உருக்கத்தைப் படித்துப் படித்து ஆழியனுக்கு அப்படியொரு மொழி வாய்க்கட்டுமென்றுதான் டேவிட்டுக்கு அவள் பழைய பாட்டுகளை எடுத்துக் கொடுத்தாள்.

அலெக்ஸின் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அவன் டேவிட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. அவன் ஆழியனைப் பார்த்துச் சிரித்தான். கனலோனைப் பார்த்துச் சிரித்தான். ஊருக்கு இதை அனுப்பினால் ஊரும் அப்படித்தான் சிரிக்கும். ரீட்டா எதை அச்செடுத்துப் போய் ஒரு தாயின் மடியில் எறிந்தாளோ, அதையே தான் ஒலியாக எடுத்துப் போய் ஊரின் மடியில் எறிய இருந்தாள். 'பாருங்கள், எவ்வளவு கேவலம்' என்று ரீட்டா சொன்னாள். அதே வாக்கியத்தைத் தானும் சொல்வதற்கா இத்தனை இரவுகள் பல்லைக் கடித்தாள்?

பழி வாங்கலாம். தன் எழுத்தில் பிறந்த பிள்ளைகளைக் கல்லாக எடுத்து எறிந்து பழி வாங்கக்கூடாது.

அவள் அந்தப் பதிவை அழித்தாள்.

"அடிப்பாவி! என்ன பண்ற?" அலெக்ஸ் கையை நீட்டினான்.

"இது வேணாம்ண்ணே."

"அப்ப விட்டுட்டியா அவனை?"

"யாரு சொன்னா?"

அவள் குரலில் இருந்த எதுவோ ஒன்று அலெக்ஸின் சிரிப்பை முற்றிலும் நிறுத்தியது. அவன் வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

* * *

திருப்பலி நற்கருணை வரை வழக்கம்போல் நடந்தது.

பெண்கள் பக்கத்துத் தூணருகே ஃபெமினா அமர்ந்தபோது, பாயில் அவளுக்கு இருபுறமும் இடம் தானாக உண்டாயிற்று. யாரும் விலகிப் போவதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். ஒருத்தி மின்விசிறிக் காற்று வேண்டுமென்று தள்ளி உட்கார்ந்தாள். முன்வரிசையில் ஜோஸ்பின், புதுப்பட்டுச் சரசரக்க, தலை குனிந்திருந்தாள். அவளை ஒட்டி ரீட்டா. அவர்களுக்கு அப்பால் செபமாலையம்மாள், சம்பந்தியின் மிடுக்கோடு.

டேவிட் வெள்ளைச் சட்டையில் வந்து வாசகம் வாசித்தான். அந்தக் குரல் கோயிலின் நாற்புறமும் பரவியது. இறைவார்த்தையை இப்படி வாசிக்கத் தெரிந்த ஒருவனுக்குப் பொய் சொல்லவும் தெரிந்ததே என்று ஃபெமினா வியந்தாள். அந்த வியப்பு அவள் உள்ளத்தில் கனன்றுகொண்டிருந்ததை மேலும் விசிறிவிட்டது.

நற்கருணைக்குப் பின் அறிவிப்புகள். பக்தசபைக் கூட்டம், கல்லறைத் தோட்டத்து வேலி, மறைக்கல்வி வகுப்பு ஆகியவற்றை டேவிட் வாசித்தான். தன் ஓலையைத் தானே வாசிப்பது வழக்கமில்லை ஆகையால், பங்குத்தந்தை அடைக்கலராஜ் அடிகளார் எழுந்து வந்தார். டேவிட் ஒலிவாங்கியை விட்டு ஓரடி தள்ளி, வாசக மேடையின் ஓரத்திலேயே கைகட்டி நின்றான்.

"திருமண அறிவிப்பு. மூன்றாம் ஓலை," என்று அடிகளார் தொடங்கினார். மணமகன் பெயரையும் பெற்றோர் பெயரையும் வாசித்தார். மணமகள் பெயரை வாசித்தபோது ரீட்டா ஒருமுறை திரும்பி, கூட்டத்தினூடே ஃபெமினாவைத் தேடிப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"இவர்களுடைய திருமணத்திற்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள்..."

"இருக்கு சாமி."

தன் குரல்தான் அது என்று உணர்வதற்குள் ஃபெமினா எழுந்து நின்றிருந்தாள்.

கோயிலில் அதற்குமுன் அப்படியோர் இரைச்சல் எழுந்ததில்லை. "ஒக்காருடீ!" என்று ரீட்டா கத்தினாள். "என்ன இது அக்கிரமம்!" என்று செபமாலையம்மாள் நெஞ்சில் கை வைத்தாள்.

அடிகளார் கை அமர்த்தினார். "அம்மா ஃபெமினா. இதையெல்லாம் இங்க சொல்ற வழக்கம் இல்லம்மா. பூசை முடியட்டும். அறைக்கு வந்து சொல்லு, நான் கேக்குறேன்."

"என் பேரைக் கெடுத்தவங்க யாரும் அறைக்குள்ள வச்சுக் கெடுக்கல சாமி. இந்தக் கோயில் வாசல்லதான் நின்னு பேசுனாங்க. நானும் இங்கயே கேட்டுட்டுப் போயிர்றேன். ஒரே ஒரு கேள்வி."

"தடைன்னா என்னன்னு தெரியுமாம்மா ஒனக்கு? அதுக்குச் சட்டம் இருக்கு."

"சட்டப்படி தடை இல்லாம இருக்கலாம் சாமி. பொய் சொன்ன வாயோட ஒருத்தரு பீடத்துக்கு முன்னாடி வந்து வாக்குக் குடுக்கப் போறாரு. அந்த வாக்கை வாங்கப் போறது நீங்க. அதையாச்சும் நீங்க தெரிஞ்சுக்கிறணும்ல?"

அடிகளார் பதில் சொல்லுமுன் ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கம் அவளுக்குப் போதுமாக இருந்தது. அவள் டேவிட்டை நேராகப் பார்த்தாள்.

"அந்த மைக்குக்கு முன்னாடி வாங்க."

அவன் அசையவில்லை.

"வாசகம் வாசிக்க வாராவாரம் வர்ற எடந்தானே. வாங்க. ஆழியனை எழுதினது யாருன்னு சொல்லுங்க. நீங்க எழுதலன்னா, எழுதலன்னே சொல்லுங்க. நான் ஒக்காந்துர்றேன், இனிமே ஒங்க பக்கமே திரும்பமாட்டேன். ஆனா ஒங்க அம்மாகிட்ட வீட்டுக்குள்ள சொன்ன மாதிரி இல்ல. அங்க, அந்த எடத்துல நின்னுக்கிட்டுச் சொல்லுங்க."

"நீ எதுக்கும் பதில் சொல்லாத தம்பி," என்றாள் ரீட்டா.

"யாருடா ஆழியன்?" என்று ஆண்கள் பக்கத்தில் ஒருவர் கேட்க, "அந்த சினிமாடா, தண்ணிக்குள்ள வருவான்ல" என்று மற்றொருவர் விளக்கினார்.

டேவிட் பீடத்தைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், கடைசியில் வாசக மேடையின்மேல் திறந்தபடி கிடந்த திருநூலைப் பார்த்தான். அதன்மேல் கை வைத்துத்தான் வாரந்தோறும் வாசிப்பான். இப்போது அந்தக் கையை அவன் அதன் பக்கம் நீட்டிவிட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதை ஃபெமினா பார்த்தாள். அவள் நெஞ்சில் கசப்பும் இனிப்புமாக ஒன்று ஊறியது. இதோ, சிக்கிக்கொண்டான். பொய் சொன்னாலும் அழிவான். மெய் சொன்னாலும் அழிவான். எத்தனை இரவுகள் காத்திருந்தாள் இந்த முகத்தைக் காண!

அவன் ஒலிவாங்கியை நெருங்கினான்.

"நான்தான் எழுதினேன்."

கோயிலெங்கும் மூச்சுவிடும் ஒலி கேட்டது. செபமாலையம்மாள் எழுந்துவிட்டாள். "என்னடா சொல்ற?"

"நான்தாம்மா எழுதினேன்." இப்போது அவன் குரல் தேறியிருந்தது. வாசகம் வாசிக்கிற குரல். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. "ஆழியன், கனலோன், ரெண்டு பேரையும் நான்தான் எழுதினேன். முழுக்கதையும் என்னோடது. போன் நம்பர் மட்டுந்தான் அவுங்களோடது. ஃபெமினா ஒரு வரிகூட எழுதல. அவுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாத் தப்பும் என்னோடது. அவுங்களை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

பின்னால் ஓர் அலறல் எழுந்தது. அருளம்மாள். "மாதாவே! கேட்டீங்களா எல்லாரும்? என் மவ எழுதலையாம்! எம்புள்ள எழுதலையாம்!"

அவள் அழுதாள், சிரித்தாள், பக்கத்திலிருந்தவளைக் கட்டிக்கொண்டாள். பாயில் விலகி அமர்ந்திருந்த பெண்கள் ஃபெமினாவை நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பார்வைகளில் கனிவு திரும்பிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தவள் அவள் முழங்கையைத் தொட்டு, "ஒக்காருத்தா, பாவம், ஒன்னையப் போயி..." என்றாள். ரீட்டாவின் முகம் வெளுத்துக் கிடந்தது. ஆண்கள் பக்கமிருந்து அலெக்ஸ், 'போதும், ஒக்காரு' என்று கையால் காட்டினான். அவன் முகமெல்லாம் மலர்ச்சி.

எல்லாம் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடம், மணப்பாறை மாப்பிள்ளை, அம்மாவின் தூக்கம், ஊரின் வாய்க்குப் பூட்டு. அவள் செய்ய வேண்டியது உட்கார்வது ஒன்றுதான்.

டேவிட் மேடையிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னைப் பலியாகக் கொடுத்தவனின் அமைதி அவன் முகத்தில் இருந்தது. 'இப்போது சரியா?' என்று கேட்பது போன்ற பார்வை.

அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

முன்பு அவன் தன் பாதியை மறுத்தான். இன்று அவள் பாதியைத் திருடினான். அதைக் கொடையென்றும் எண்ணிக்கொண்டான்! பள்ளி விட்டு வந்த மாலைகளில், விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே, கனலோன் ஒரு சொல் பேசுவதற்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாள். தொட்டால் சுடுகிற ஒருவன், யாரையும் தொடாமலே வளர்ந்த ஒருவன், அன்பை எப்படிச் சொல்வான் என்று எத்தனை முறை அடித்து அடித்து எழுதினாள். 'ஒரு வரிகூட எழுதல.' ரீட்டா அவள் பேரைத்தான் கெடுத்தாள். இவன் அவளையே இல்லாமல் ஆக்கிவிட்டான்.

"பொய்," என்றாள் ஃபெமினா.

இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவள் முக்காட்டைத் தோளுக்குத் தள்ளினாள். பாய்களைக் கடந்து, நடுப்பாதைக்கு வந்து நின்றாள்.

"பொய் சாமி! அவரு இப்பச் சொன்னதும் பொய்!"

"ஃபெமினா!" என்றான் டேவிட், ஒலிவாங்கியில். குரல் முதன்முறையாக உடைந்தது. "வேணாம். ஒக்காருங்க. நான்தான் சொல்லிட்டேன்ல?"

"என்னையக் காப்பாத்துறீங்களாக்கும்? ஒங்களை யாரு கேட்டா? ஆழியனை எழுதினேன்னு சொல்லுங்கன்னுதானே கேட்டேன்? கனலோனை எதுக்குச் சேத்து எடுத்துக்கிறீங்க? அவன் என்னோடவன். மொதப் பகுதியிலருந்து கடைசி வரைக்கும் கனலோன் பேசினது ஒவ்வொண்ணும் நான் எழுதினது. எழுதினதுக்கு எனக்கு ஒரு வெக்கமும் இல்ல."

"ஆத்தா, வேணாம்த்தா!" என்று அருளம்மாள் கெஞ்சினாள். "நல்லா முடிஞ்சதைக் கெடுக்காதத்தா!"

ஃபெமினா தாயின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் உட்கார்ந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

"நம்பலன்னா அவரையே கேளுங்க சாமி. கடைசியா வந்த பகுதி நான் எழுதினது. அதுல கனலோன் மழைக்குள்ள எறங்கிப் போயி நிக்கிறான். மழை பட்டா அவன் அணைஞ்சு போயிருவான்; கொழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிஞ்சே போயி நிக்கிறான். எதுக்கு நிக்கிறான்னு கேளுங்க. முழுக்கதையும் அவரோடதுன்னா, அதுவும் அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?"

எல்லாத் தலைகளும் டேவிட்டை நோக்கித் திரும்பின.

அது அவனுக்குத் தெரியாது. இந்த வாரங்கள் முழுதும், தாயிடம் பொய் சொல்லிவிட்டுப் புரண்டு படுத்த இரவுகளிலெல்லாம், அவனும் அதைத்தான் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அவன் கண்களில் அப்படியே எழுதியிருந்தது. ஒலிவாங்கி அவன் மூச்சை மட்டும் கோயில் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அடைக்கலராஜ் அடிகளார் பாதி வாசித்த ஓலையை நான்காக மடித்தார். அதை அங்கிப் பையில் வைப்பதா, மீண்டும் விரிப்பதா என்று தெரியாதவராக, கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது முன்வரிசையில் பட்டுச் சரசரத்தது.

ஜோஸ்பின் எழுந்திருந்தாள். ரீட்டா அவள் கையைப் பற்றிக் கீழே இழுத்தாள். தங்கை அந்தக் கையை உதறிவிட்டுத் திரும்பினாள். ஊர் அவளை ஒரு சொல் பேசிக் கேட்டதில்லை. மாப்பிள்ளையை அவள் பார்க்கவில்லை, மாமியாரையும் பார்க்கவில்லை. நடுப்பாதையில் நின்றிருந்த ஃபெமினாவையே அவள் கண்கள் பற்றியிருந்தன. கதையின் அடுத்த பகுதிக்காகப் பல வாரங்களாகப் பசித்திருந்தவளின் கண்கள் அவை.

"எதுக்குக்கா நின்னான்?" என்று கேட்டாள் ஜோஸ்பின்.